வாத்தியார், சர்வீஸ் இன்ஜினியர், கணக்கு பட்டதாரி... உங்க போட்டோவைச் சேமிக்க வழி கண்டுபிடித்தவர்கள் இவங்கதான்!

'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று போன் காட்டினால் நமக்கு எரிச்சல்தான் வரும். நாலு பழைய வீடியோவை அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால், ஆயிரக்கணக்கான போட்டோக்கள் நகம் அளவு சிப்புக்குள் எப்படி அடங்குகின்றன? அதற்கு வழி கண்டுபிடித்தவர்கள் என்ன படித்தார்கள், அதற்கு முன் என்ன வேலை பார்த்தார்கள்? வாங்க, பார்க்கலாம்.

ஹார்டு டிஸ்க் குழுவின் தலைவர் ஒரு ஸ்கூல் வாத்தியார்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்தவர் ரெனால்ட் ஜான்சன். விடைத்தாள் திருத்துவது எவ்வளவு பெரிய தலைவலி என்பது வாத்தியார்களுக்குத்தான் தெரியும். அதற்கு அவர் ஒரு மெஷின் செய்தார். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும். அதை வைத்து, மாணவர் எந்த விடையைக் குறித்திருக்கிறார் என்று அந்த மெஷின் கண்டுபிடித்துவிடும்.

இந்த யோசனைக்குப் பின்னால் ஒரு குறும்பும் உண்டு. சிறுவயதில், அக்கா தங்கைகளைப் பார்க்க வரும் பையன்களின் காரில் ஸ்பார்க் பிளக் மீது பென்சிலால் கோடு போட்டுவிடுவாராம். கார் ஸ்டார்ட் ஆகாது!

அந்த மெஷினைப் பார்த்த ஐபிஎம் நிறுவனம், 1934-ல் அவரை வேலைக்கு எடுத்தது. பின்னாளில் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் அவர் தலைமையில் ஒரு குழு இயங்கியது. காந்த டேப்பில் ஒரு தகவல் வேண்டும் என்றால் தொடக்கத்திலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். வேண்டிய இடத்துக்கு நேராகப் போக முடியாதா என்று இந்தக் குழு யோசித்தது. அதன் விளைவாக 1956-ல் வந்த 'ராமாக்'தான் முதல் ஹார்டு டிஸ்க் கம்ப்யூட்டர். அதன் சேமிப்புப் பெட்டியில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு? வெறும் 50 லட்சம் எழுத்துகள்தான்.

மெஷின்களைச் சர்வீஸ் செய்யப் போனவர்

ஆலன் ஷுகார்ட் 1951-ல் பட்டம் வாங்கியதும் ஐபிஎம்-மில் ஃபீல்டு இன்ஜினியராகச் சேர்ந்தார். வாடிக்கையாளர் இடத்துக்கே போய் மெஷினைச் சரிசெய்து தரும் வேலை. பிறகு சான் ஹோசே ஆய்வகத்துக்கு மாற்றலாகி, ராமாக் வேலையில் இறங்கினார்.

1979-ல் இவர் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய சீகேட். அடுத்த ஆண்டே 5 எம்பி ஹார்டு டிஸ்க் ஒன்றை அது வெளியிட்டது. கொள்ளளவு கிட்டத்தட்ட ராமாக் அளவுதான். ஆனால் இது மேஜை கம்ப்யூட்டருக்குள் அடங்கிவிட்டது.

டிஸ்க் கெட்டுப்போனால்?

1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் சேர்ந்து 'ரெய்டு' என்ற முறையை முன்வைத்தார்கள். பேட்டர்சனின் முதல் பட்டம் கணிதத்தில். கிப்சன் அப்போது ஆராய்ச்சி மாணவர்.

விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக, பல சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்து வைப்பதுதான் யோசனை. ஆனால் எண்ணிக்கை கூடினால், ஏதாவது ஒன்று கெட்டுப்போகும் வாய்ப்பும் கூடுமே? இப்படி நினைத்துப் பாருங்கள். ஒரு டிஸ்க்கில் 3, இன்னொன்றில் 4, மூன்றாவதில் இரண்டின் கூட்டல் 7. 4 இருந்த டிஸ்க் போய்விட்டாலும், 7-லிருந்து 3-ஐக் கழித்தால் அது திரும்பக் கிடைத்துவிடும். நிஜத்தில் கணக்கு கொஞ்சம் வேறு. ஆனால் அடிப்படை இதுதான். சர்வர்களில் இந்த முறை இன்றும் இருக்கிறது.

கரண்ட் போனாலும் மறக்காத சிப்

நம் போனில் இருப்பது ஹார்டு டிஸ்க் கிடையாது, ஃபிளாஷ் மெமரி. மின்சாரம் நின்றாலும் தகவல் அழியாது. இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் ஃபுஜியோ மசுவோகா. டோஹோகு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்து, 1971-ல் தோஷிபாவில் சேர்ந்தவர். நடுவில் கொஞ்ச காலம் விற்பனைப் பிரிவிலும் இருந்தார்.

1984-ல் ஃபிளாஷ் மெமரியை உலகுக்கு அறிவித்தார். பென்டிரைவ், மெமரி கார்டு, போன் எல்லாவற்றிலும் இன்று இருக்கும் 'நாண்டு' வகை 1987-ல் வந்தது. ஆனால் உரிய வெகுமதி கிடைக்கவில்லை என்று 2004-ல் அவர் தோஷிபா மீது வழக்குப் போட்டார். கேட்டது 100 கோடி யென். 2006-ல் 8.7 கோடி யென்னுக்குச் சமரசம் ஆனது.

அப்போ இந்தத் துறைக்கு என்ன படிக்கணும்?

கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒரு வழி. அது மட்டுமே வழி அல்ல. தகவலைப் பிழையில்லாமல் மீட்கக் கணிதம் வேண்டும். சுழலும் தட்டுக்கு மெக்கானிக்கல் இன்ஜினியர் வேண்டும். புதிய சிப்புக்கு இயற்பியலும் பொருளறிவியலும் வேண்டும். ஹார்டு டிஸ்க்கின் கொள்ளளவு எகிற உதவிய காந்த ஆய்வுக்காக ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குரூன்பெர்க் இருவருக்கும் 2007-ல் கிடைத்தது இயற்பியல் நோபல்.

இவர்களின் படிப்பும் வேலையும் வேறு வேறு. ஆனால் எல்லோருமே கண்ணெதிரே இருந்த ஒரு தொல்லையை 'இது இப்படித்தான்' என்று விட்டுவிடவில்லை.

கடைசியாக ஒன்று. டிஸ்க் என்றைக்காவது கெட்டுப்போகும் என்று நினைத்துத்தான் அதைச் செய்கிறவர்களே வேலை பார்க்கிறார்கள். அதனால் முக்கியமான போட்டோக்களை இன்றே இன்னொரு இடத்திலும் காப்பி எடுத்து வையுங்கள்.