உப்பும் சிரட்டையும் பேட்டரி ஆகுது!

சிலமலையில நம்ம தோட்டத்து மோட்டார் ரூம் மூலையில் செத்துப்போன பேட்டரி மூணு கிடந்துச்சு. ரெண்டு ஸ்பிரேயரோடது, ஒண்ணு காட்டுப்பன்னிக்காகப் போட்ட சோலார் வேலியோடது. மூணுக்குள்ளேயும் ஈயமும் கந்தக அமிலமும். பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் தெளிக்கிற மிசினுக்கு உசுரு கொடுக்கிறது ஈயம்! மண்ணில் கலந்துட்டா அது மக்காது. பேரப்பிள்ளைங்க காலத்திலும் அங்கேயே கிடக்கும்.

அதுங்க செத்ததுக்குக் காரணம் நான்தான். மழைக்காலத்தில் சார்ஜ் போடாம ரெண்டு மாசம் வச்சுட்டேன். ஈய பேட்டரி காலியாக் கிடந்தா தகட்டில் சல்பேட் படிஞ்சு இறுகிடும். பிறகு எழுப்பவே முடியாது.

லித்தியத்துக்கு மாறலாம்தான். ஆனா அது ஆஸ்திரேலியா சுரங்கத்திலும் சிலி நாட்டு உப்புப் பாலைவனத்திலும் இருந்து வரணும். இப்ப வந்துக்கிட்டிருக்கிற சோடியம் அயனி பேட்டரி மேல எனக்கு ஆசை வந்தது அதனாலதான். வேலை செய்யிற விதம் லித்தியம் மாதிரியேதான்: சார்ஜ் ஏறும்போது சோடியம் அயனிகள் போய்க் கரிக்குள்ள உட்காரும், மின்சாரம் எடுக்கும்போது திரும்பி வரும். பூமியில் சோடியம் லித்தியத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் இருக்கு. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் குவிச்சு வச்சிருக்கிற உப்பிலும் அதுதான். உப்பை அப்படியே போடுறதில்லை, சலவை சோடாவா மாத்தித்தான் பயன்படுத்துவாங்க. அதைத் தயாரிக்கிற ஆலையும் தூத்துக்குடியிலேயே இருக்கு. அந்தக் கரியைத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் எடுக்கலாமாம். நாம மூட்டை கட்டி மலிவா அனுப்புற அதே சிரட்டை!

சீனாவின் கேட்டல் கம்பெனி 2021ல் வெளியிட்ட சோடியம் செல் ஒரு கிலோவுக்கு 160 வாட் மணி மின்சாரம் வைக்கும். ஈயத்தில் 30, 40தான். நம்ம நாட்டிலும் 2025ல் பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் பிரேம்குமார் செங்குட்டுவன் குழு, 6 நிமிசத்தில் 80 சதவீதம் ஏறுற, 3,000 தடவைக்கு மேல் தாங்குற பேட்டரியைச் செஞ்சு காட்டியிருக்கு. அது இன்னும் ஆய்வகத்து அளவுதான். ஸ்பிரேயரில் இப்ப இருக்கிற ஈய பேட்டரி ரெண்டரை கிலோ. சோடியத்தில் பாதி கூட வராது. நாள் முழுக்க முதுகில் சுமந்தவங்களுக்கு அது புரியும். முழுக்கக் காலியானாலும் ஈயம் மாதிரி கெட்டுப்போகாது. என்னை மாதிரி மறதிக்காரனுக்கு ஏத்தது.

குறையும் உண்டு. நல்ல லித்தியம் அளவுக்கு மின்சாரம் வைக்காது. தீப்பிடிக்கவே பிடிக்காதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க; ஆபத்து குறைவு, அவ்வளவுதான். முக்கியமா, காலியாக ஆக இதோட வோல்ட் ரொம்ப இறங்கும். பழைய ஈய பேட்டரிக்குப் போட்ட சோலார் கன்ட்ரோலரில் அப்படியே மாட்டினா சரியா ஓடாது. வாங்கும்போது, “சோடியத்துக்குச் செட் பண்ண முடியுமா?”ன்னு கேளுங்க. போடியில் நான் கேட்ட ரெண்டு கடையில் சரக்கே இல்லை. அவசரமும் இல்லை.

அதுவரை ஒண்ணு செய்யலாம். ஈயத்துக்காகப் பழைய பேட்டரியை உடைச்சு அமிலத்தை வாய்க்காலில் ஊத்துறதைப் பார்த்திருக்கேன். 2022 பேட்டரிக் கழிவு விதிப்படி, தயாரிச்சவங்க பழசைத் திரும்ப எடுக்கிறதுக்குப் பொறுப்பு. என்னோட மூணையும் சாக்கில் நிமிர்த்தி வச்சு, சாயாமக் கட்டி, வாங்கின கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்தேன்.