"உங்க அப்பா நம்பர் என்கிட்ட இருக்கு"

பதினொன்றாம் வகுப்பு மாணவிக்கு இரவு பதினொன்றரை மணிக்குக் காதலனிடமிருந்து மெசேஜ் வருகிறது: "ஆன்லைன்ல இருக்கியே, யார்கூட பேசுற?" பதில் சொல்ல இரண்டு நிமிடம் தாமதமானால் உடனே வீடியோ கால். அறையில் வேறு யாரும் இல்லை என்று போனைச் சுற்றிக் காட்ட வேண்டும். இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு அவனிடம்தான் இருக்கிறது. யாரோடு பேசலாம், யாரை பிளாக் செய்ய வேண்டும் என்று அவன்தான் முடிவு செய்கிறான். சின்ன வயதிலிருந்து கூடவே இருந்த தோழிகள் ஒவ்வொருவராக விலகிப் போகிறார்கள். சண்டை வந்தால், பிளேடால் கீறிய தன் கையைப் படம் எடுத்து அனுப்புகிறான். "நீ இல்லன்னா செத்துடுவேன்" என்கிறான். இதெல்லாம் தன்மேல் உள்ள பிரியம் என்றுதான் அவள் நினைக்கிறாள்.

அடி விழுந்தால்தான் வன்முறை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வளர் இளம் பருவக் காதலில் வன்முறை பெரும்பாலும் இப்படிக் கட்டுப்பாட்டில்தான் தொடங்குகிறது. பிறகு ஒரு படம் கேட்பான். "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்பான். படம் கைக்குப் போனதும் பேச்சின் தொனி மாறிவிடும். தனியாக வா, இல்லாவிட்டால் உன் அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன்.

மிரட்டலின் மொத்த பலமும் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. அவள் பயப்படுவது அவனைவிடத் தன் வீட்டுக்குத்தான். நடந்ததைச் சொன்னால் காதலித்ததையும் சொல்ல வேண்டும். காதலித்தது தெரிந்தால் போன் போகும், படிப்பு நிற்கும், மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இது அவனுக்கு நன்றாகத் தெரியும். தடுப்பு நடவடிக்கை எங்கே தொடங்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், காவல் நிலையத்துக்கும் பள்ளிக்கும் முன்பாக வீட்டு வரவேற்பறையைத்தான் சொல்வேன். "எது நடந்தாலும் முதலில் என்னிடம் வா, காதல் விஷயத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்" என்று ஒரு நல்ல நாளில், எந்தப் பிரச்சினையும் இல்லாதபோதே, அம்மாவோ அப்பாவோ சொல்லி வைத்திருந்தால் அவன் கையில் இருக்கும் ஆயுதம் பாதி மழுங்கிவிடும்.

பொள்ளாச்சியில் நடந்தது இதுதான். ஒன்பது ஆண்கள் இளம் பெண்களிடம் நட்பாகப் பழகி, வரவழைத்து, பாலியல் வன்முறை செய்து, அதைப் படமெடுத்து, அதைக் காட்டியே மிரட்டினார்கள். 2019 பிப்ரவரியில் ஒரு மாணவியும் அவர் குடும்பமும் துணிந்து புகார் கொடுத்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. புகார் கொடுத்தவருக்கு அரசு என்ன செய்தது? அவர் அடையாளத்தை வெளியிட்டது. அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. இத்தனைக்குப் பிறகும் பாதிக்கப்பட்ட பெண்கள் பின்வாங்கவில்லை. சாட்சிகளில் ஒருவர்கூட பிறழ் சாட்சியாக மாறவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடும் அறிவித்தது.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் பல அப்பாக்கள் செய்யும் முதல் காரியம் போனைப் பிடுங்கிச் சுவரில் அடிப்பது. பல அம்மாக்கள் "எல்லாத்தையும் டெலீட் பண்ணு" என்பார்கள். இரண்டுமே மிரட்டியவனைக் காப்பாற்றும் வேலைதான். அவன் அனுப்பிய மெசேஜ், அவன் எண், புரொஃபைல் முகவரி, தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவள் படத்தை மட்டும் யாருக்கும், உறவினருக்கும்கூட, அனுப்ப வேண்டாம். போனைக் காவல் துறையிடம் காட்டினால் போதும். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுபடியும் கேட்பான். இணையவழிக் குற்றங்களுக்கான எண் 1930. பதினெட்டு வயதுக்குள் எடுத்த படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவையும் இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதற்கென உருவாகும் குறியீடு மட்டுமே போகும். அதை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அந்தப் படத்தைத் தேடி நீக்கும். வாட்ஸ்அப் உரையாடலுக்குள் சுற்றும் படத்தை அதனால் பிடிக்க முடியாது.

உடல்ரீதியான தாக்குதல் நடந்திருந்தால் நேரம் மிக முக்கியம். கர்ப்பத்தைத் தடுக்கும் மாத்திரை, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து இரண்டையும் 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரமாகத் தொடங்க வேண்டும். குளிக்காமல் போக முடிந்தால் நல்லது. உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். குளித்துவிட்டாலும், துவைத்துவிட்டாலும் பரவாயில்லை, மருத்துவமனைக்குப் போவதை அதற்காக நிறுத்த வேண்டாம். அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டியது சட்டக் கடமை. எப்.ஐ.ஆர். போட்டுவிட்டு வா என்று திருப்பி அனுப்பக் கூடாது. சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெண்ணுறுப்பில் விரல் நுழைத்துப் பார்க்கும் 'இரு விரல் பரிசோதனை' செய்யவே கூடாது.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள எல்லோருக்கும் உரியது, ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். "ஆம்பளப் பையன்தானே" என்ற ஒரு சொல்லில் அவர்கள் வாய் அடைபட்டுவிடுகிறது.

புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். எங்கள் எல்லையில் வராது என்று சொல்ல முடியாது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, காவலர் சீருடை இல்லாமல், கூடியவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவரை நேருக்கு நேர் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும்.

குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் குற்றம்தான். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று விஷயத்தைத் தலைமை ஆசிரியர் அறைக்குள்ளேயே முடிக்கப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தன் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

இந்தச் சட்டத்தில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குள் சம்மதம் செல்லாது என்பதால், மனமொத்துப் பழகிய பதினேழு வயதுக் காதலர்களும் வழக்கில் சிக்குகிறார்கள். சாதி மாறிக் காதலித்த பெண்ணைப் பிரித்துக் கொண்டுவரப் பெற்றோரே இதைப் பயன்படுத்துகிறார்கள். இத்தகைய காதலர்களைத் தண்டிப்பது சட்டத்தின் நோக்கமே அல்ல என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. காதல் தொடர்பான போக்சோ வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழகக் காவல் துறைத் தலைவர் சுற்றறிக்கை அனுப்பினார். பெற்றோர் இப்படி வழக்குப் போடுவதால் வரும் பெரிய கேடு என்னவென்றால், உண்மையில் வன்முறைக்கு ஆளாகும் பெண்ணும் சட்டத்தை நினைத்துப் பயப்படுகிறாள். கர்ப்பமானவள் மருத்துவரிடம் போகவே அஞ்சுகிறாள். மனமொத்த உறவில் கர்ப்பமான சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல் துறைக்குத் தரும் தகவலில் மருத்துவர் அவள் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தெளிவாக்கியிருக்கிறது.

பிள்ளைகள் முதலில் சொல்வது பெரும்பாலும் நண்பர்களிடம்தான். அப்படி ஒரு தோழி உங்களிடம் வந்தால், "நீ ஏன் போன? ஏன் அனுப்பின?" என்று கேட்காதீர்கள். "நான் நம்புறேன். உன்மேல தப்பு இல்ல" என்று சொல்லுங்கள். அவனிடம் போய் நீங்களே சண்டை போட வேண்டாம். அவளுடைய படம் உங்கள் குரூப்பில் வந்து விழுந்தால் யாருக்கும் தள்ளிவிடாதீர்கள், உடனே புகார் செய்யுங்கள். அத்தகைய படத்தைப் பதிவிறக்கி வைத்திருப்பது குற்றமில்லை என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அவள் நம்பும் பெரியவர் ஒருவரை, சித்தியோ ஆசிரியையோ, சேர்ந்தே போய்ப் பாருங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து 1098-க்கு அழையுங்கள். பதினெட்டு வயதைத் தாண்டிய பெண் என்றால் 181. இரண்டும் இலவசம், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.