பனி நாட்டில் முற்றம் கட்டுவோர் கவனத்திற்கு

பனி கரைந்து நிலம் வெளித்தெரியும் பங்குனி, சித்திரை மாதங்களில் ரொறன்ரோவின் புறநகர்த் தெருக்களில் நடந்து செல்வோர் இக்காட்சியைக் காணத் தவறுவதில்லை. முந்திய கோடையில் பதித்த இன்ரர்லொக் கற்கள் ஓரிடத்தில் எழும்பியும் வேறோரிடத்தில் புதைந்தும் கிடக்கும். வாசற்படி வீட்டுச் சுவரைவிட்டு இரண்டு விரற்கடை விலகி நிற்கும். சீமெந்துத் தளத்தின் மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்து சல்லிக்கல் வெளியே தெரியும். இரண்டு வேலை செய்து சேமித்த பணத்தில் முதன்முதலாக வீடு வாங்கி, அதன் முன்புறத்தைச் சீர்செய்த எத்தனையோ எம்மவர் குடும்பங்களின் பணம் இவ்வாறு இரண்டொரு குளிர்காலத்துக்குள் வீணாகின்றது.

எம்மவரிடையே கைதேர்ந்த மேசன்மார் பலர் உள்ளனர். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடிநிலம் சுண்ணக்கல். மழைநீர் விரைந்து கீழிறங்கும். நிலம் ஒருபோதும் உறைவதில்லை. அங்கே மண்ணை நிரவி, சல்லி பரப்பி, மூன்று அங்குலச் சீமெந்து போட்டால் முற்றம் பேரப்பிள்ளைகள் காலம்வரை கிடக்கும். அதே கைவேலை ஒன்ராறியோவில் தோற்றுப்போவதற்குக் காரணம் இந்த நிலத்தின் இயல்பேயாகும்.

தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 வீதம் அதிகரிக்கின்றது. கல்லும் சீமெந்தும் வெடிப்பதற்கு இது பெரும் காரணம். ஆனால், நிலமே பல அங்குலம் மேலெழுவதற்கு இது போதிய காரணமாகாது. ஸ்டீபன் ரேபர் என்ற அமெரிக்க நிலவியலாளர் 1929, 1930ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில் இதனை எடுத்துக்காட்டினார். உறையும்போது விரிவடையாமல் சுருங்கும் திரவமாகிய பென்சீனை மண்ணில் ஊற்றி உறையவைத்தார். அப்போதும் மண் மேலெழுந்தது! விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதைப்போல், உறையும் மண் கீழேயுள்ள ஈரத்தை மேல்நோக்கி இழுக்கின்றது. இழுத்த ஈரம் தட்டுத் தட்டாகப் பனிக்கட்டியாகிப் பருத்து மேலேயுள்ள அனைத்தையும் தூக்குகின்றது. வசந்தத்தில் மேற்பகுதி முதலில் இளகும். அடிப்பகுதி இன்னும் உறைந்தே இருக்கும். நடுவில் அகப்பட்ட நீர் வெளியேற வழியின்றி மண்ணைக் கூழாக்கும். அதன்மேல் வாகனம் ஏறினால் கல் புதையாமல் என்ன செய்யும்?

ஆகவே இச்சேதத்துக்கு உறைபனி, நுண்மண், தண்ணீர் ஆகிய மூன்றும் ஒருங்கே வேண்டும். உறைபனியை நாம் தடுக்க இயலாது. தென் ஒன்ராறியோவில் அது நான்கடி ஆழம்வரை இறங்கும் என்று கொண்டே அத்திவாரங்கள் இடப்படுகின்றன. மற்ற இரண்டும் எமது கையில் உள்ளன. பழைய பனிப்பாறைகள் விட்டுச்சென்ற களியும் வண்டலும் இங்கே பல வளவுகளில் உண்டு. அவற்றை வெட்டி அகற்றிவிட்டு, ஈரத்தை உறிஞ்சி உயர்த்தாத உடைகல்லை இடுவதே வேலையின் பெரும்பகுதி. கண்ணுக்குத் தெரியும் கல் கடைசி நாளின் வேலை மட்டுமே.

நடைபாதைக்கும் பின்வளவுத் தளத்துக்கும் அழுத்திய பின்னர் ஆறு முதல் எட்டு அங்குலமும், வாகனம் நிற்கும் டிறைவேக்குப் பத்து முதல் பன்னிரண்டு அங்குலமும் உடைகல் வேண்டும். களிமண்ணாயின் இன்னும் கூடுதலாக இடுவது நல்லது. முக்கால் அங்குலக் கல்லிலிருந்து தூள்வரை கலந்த, இங்கு 'கிரனியுலர் ஏ' எனப்படும் கலவை இதற்குரியது. களிக்கும் கல்லுக்கும் இடையில் ஜியோரெக்ஸ்ரைல் துணியை விரிக்க வேண்டும். இல்லையேல் சில ஆண்டுகளில் களி மேலேறிக் கல்லோடு கலந்துவிடும். நான்கு அங்குலத்துக்கு மேற்படாத படைகளாகப் பரப்பி, ஒவ்வொரு படையையும் அதிர்வு இயந்திரத்தால் இறுக்க வேண்டும். பன்னிரண்டு அங்குலத்தையும் ஒரேயடியாகக் கொட்டி மேலே இயந்திரத்தை ஓட்டினால், மேற்பகுதி மட்டுமே இறுகும்.

ஏமாற்று நடப்பதும் இங்கேதான். மூடிய பின் ஆழத்தை யார் அறிவார்? அளவுகோலுடன் குழியைப் பார்த்துப் படம் எடுத்துவைத்த பின்னரே கல்லிறக்க அனுமதியுங்கள். இன்னொரு வழியும் உண்டு. இருபதுக்கு இருபது அடி டிறைவேக்கு ஓரடி உடைகல் இட ஏறக்குறைய 24 தொன் தேவை. நான்கு அங்குலத்துக்கு எட்டுத் தொன் போதும். லொறியின் நிறைச்சீட்டை வாங்கிப் பார்த்தால் உண்மை வெளிப்படும். கூலி குறைவாகக் கேட்பவர் அனேகமாக இந்தக் கல்லில்தான் குறைக்கின்றார். எத்தனை அங்குலம், என்ன கல், எத்தனை படை என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுத மறுப்பவருக்கு, அவர் உறவினராயினும், வேலையைக் கொடுக்காதிருப்பதே மேல்.

உடைகல்லின்மேல் ஓரங்குலம் பருமணல். சிலர் சுண்ணக்கல் தூளைப் பயன்படுத்துவர். அது ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் தவிர்க்கத்தக்கது.

அடுத்தது தண்ணீர் வாட்டம். அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில் தளம் வீட்டைவிட்டு வெளிப்புறமாகச் சரிய வேண்டும். வீட்டை நோக்கிச் சரிந்தால் நீர் சென்று சேருமிடம் நிலக்கீழ்த் தளம். பெற்றோரோ வாடகைக்கு இருப்போரோ வசிக்கும் அந்த அறைகளில் ஈரம் ஏறுவது எவ்வளவு துன்பம் என்பதை வாசகர்கள் அறிவர். வெளிச் செங்கற் சுவரின் அடிவரிசையில் சாந்து இடாது விடப்பட்ட சிறு துளைகளையும் கல்லால் மூடிவிடக்கூடாது. சுவருக்குள் சேரும் நீர் வடிவதற்காகவே அவை விடப்பட்டுள்ளன.

கூரைப் பீலியின் குழாயையும் கவனியுங்கள். ரொறன்ரோ மாநகரில் அக்குழாய்களை நிலத்தடிக் கால்வாயிலிருந்து துண்டிக்கும் விதி 2016ஆம் ஆண்டின் முடிவுடன் நகர் முழுவதற்கும் நடைமுறைக்கு வந்தது. துண்டித்த குழாய் நடைபாதையில் கொட்டினால், பகலில் கரையும் கூரைப்பனி இரவில் வழுக்கும் கண்ணாடியாகும். புற்றரைக்குள் நீட்டிவிடுங்கள்.

புதிய வீடு வாங்கியோர் அவசரப்படலாகாது. நிலக்கீழ்த் தளத்தைச் சுற்றி வெட்டி நிரப்பிய மண் சில ஆண்டுகள் அமர்ந்துகொண்டே இருக்கும். முதலாம் ஆண்டிலேயே சுவரோரம் கல் பதித்தால் அது மண்ணோடு இறங்கும். கல் பதித்த தளம் நெகிழக்கூடியது. ஆகவே அதற்கு நான்கடி அத்திவாரம் வேண்டியதில்லை. வீட்டுடன் பிணைத்த படி, கூரையைத் தாங்கும் தூண், மரத் தளத்தின் கால் ஆகியவற்றுக்கு அது அவசியம். ஒன்று எழும்ப மற்றது எழும்பாதிருந்தால் இடையில் உடைவு நிச்சயம்.

கொங்கிறீற் போட விரும்புவோர் ஆலையில் கேட்க வேண்டியவை மூன்று. வலு 32 மெகாபாஸ்கல். நீருக்கும் சீமெந்துக்கும் உள்ள விகிதம் 0.45க்கு மேற்படாமை, 5 முதல் 8 வீதம் காற்று. காற்றா என்று வியக்க வேண்டாம். கலவைக்குள் வேண்டுமென்றே உண்டாக்கப்படும் நுண்குமிழிகள் உறையும் நீருக்கு ஒதுங்க இடமளிக்கின்றன. லொறி வந்து நின்றதும் குழாயால் தண்ணீர் விட்டு இளக்கும் பழக்கம் எம்மவரிடம் உண்டு. வேலை இலகுவாகும், தளம் உரியும். போட்ட பின் ஒரு வாரம் ஈரம் காக்க வேண்டும். முதற் குளிர்காலத்தில் உப்புத் தூவவே கூடாது. வழுக்கலுக்கு மணல் போதும். அமோனியம் கலந்த உரத்தைப் பனி கரைக்கப் பயன்படுத்துவது கொங்கிறீற்றுக்கு நஞ்சு.

மண்ணைத் தாங்கும் சுவர் கட்டுவோர் அதன் பின்புறம் ஓரடி அகலத்துக்குத் தூளற்ற சல்லியும், அடியில் துளையிட்ட வடிகுழாயும் இட்டு நீரை வெளியேற்ற வேண்டும். மூன்றடிக்கு மேல் உயருமாயின் நகரசபையில் அனுமதி பற்றி விசாரித்த பின்னரே தொடங்குங்கள்.

மண்வெட்டி தொடுமுன் 'ஒன்ராறியோ வன் கோல்' சேவைக்கு அறிவித்து, எரிவாயு, மின்சாரக் குழாய்களின் இடத்தைக் குறிப்பிக்க வேண்டும். வீட்டுக்காரருக்குக் கட்டணமில்லை, 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி இது கட்டாயமும்கூட. கார்த்திகை முடிவில் மலிவாகச் செய்து தருவதாகக் கூறுவோரிடம் எச்சரிக்கை தேவை. உறைந்த மண்ணின்மேல் இறுக்கிய கல், மண் இளகும்போது தானும் இளகும்.

கல் பதித்த தளத்தில் பின்னர் ஓரிடம் தாழ்ந்தால், அவ்விடத்துக் கற்களை மட்டும் கழற்றி, அடியைச் சரிசெய்து, அதே கற்களை மீண்டும் இடலாம். உடைந்தவற்றுக்கு மாற்றாக இருபது முப்பது கற்களை வாங்கும்போதே பின்வளவில் எடுத்து வையுங்கள். சில ஆண்டுகள் சென்றபின் அதே நிறம் கடையில் கிடைப்பது அரிது.