கல்லில் எழுந்த நவாஹோ மாது

அமெரிக்காவின் அரிசோனா மாகாணத்தில், சின்லி என்னும் சிற்றூரில் 1931-ஆம் ஆண்டு பிறந்து, பாட்டியோடு ஆடு மேய்த்துக்கொண்டே மணலிலும் சேற்றிலும் உருவங்கள் வரைந்து பழகிய ஆர். சி. கோர்மன், பின்னாளில் மெக்ஸிகோவில் கற்றுத் தேர்ந்த கல்லச்சுக் கலையினால் நவாஹோ என்னும் தம் அமெரிக்கப் பழங்குடி இனத்துப் பெண்களை உலகறியச் செய்தார். வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள கோலால் சித்திரம் தீட்டி, பிசினும் அமிலமும் பூசிப் பக்குவப்படுத்தி, நீரால் நனைத்து மையை உருட்டினால், எண்ணெயும் நீரும் ஒட்டா என்னும் இயற்கை நியதிப்படி, தீட்டிய இடத்தில் மட்டுமே மை தங்கும். அதன்மேல் காகிதத்தை அழுத்தி எடுப்பதே கல்லச்சு.

அவ்வாறு எழுந்த அவருடைய மாது, போர்வைக்குள் உடல் முழுவதும் அடங்க, வெறுங்காலோடு தரையில் அமர்ந்திருக்கிறாள். தோளில் புறப்பட்ட ஒரே கோடு முழங்கால் வரை தடையின்றி வழிந்தோடுகிறது. நகையில்லை, பின்னணியில்லை, ஆயினும் என்ன கம்பீரம்! நவாஹோ சமூகத்தில் ஒருவருடைய குலம் தாய்வழியாகவே அறியப்படுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் கம்பீரத்தின் காரணம் விளங்கும். 1968-இல் நியூ மெக்ஸிகோவின் தாவோஸ் நகரில் சொந்தமாக ஓர் ஓவியக்கூடம் நிறுவிய கோர்மன், 2005-இல் காலமானார்.