காட்டின் குரலைப் பதிவு செய்தல்

போர்னியோ தீவின் மழைக்காடுகள் இரவும் பகலும் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. விடியற்காலையில் கிப்பன் குரங்குகள் நெடுந்தொலைவு கேட்கும்படி குரலெழுப்பித் தங்கள் எல்லையை அறிவிக்கின்றன. பகல் முழுவதும் பறவைகளின் ஓசை கேட்கிறது. மாலை ஆறு மணியளவில் ஒரு வகைப் பெரிய சில்வண்டு உரத்து ஒலிக்கத் தொடங்கும். அதனால், அதற்கு ‘ஆறு மணிச் சில்வண்டு’ என்றே பெயர். இருட்டிய பின் தவளைகளின் நேரம்.

ஆய்வாளர்கள் இவ்வொலிகளைப் பதிவு செய்வதற்குத் தக்க காரணம் உண்டு. அடர்ந்த காட்டில் விலங்குகளைக் கண்ணால் காண்பது அரிது. மனிதர் நெருங்கினால் அவை அமைதியாகிவிடும் அல்லது விலகிச் சென்றுவிடும். ஆனால், மரத்தில் பொருத்தப்பட்ட ஒலிவாங்கி அவற்றிற்கு இடையூறு செய்வதில்லை. இலைகளுக்குள் மறைந்திருக்கும் பறவையையும் அதன் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

மலேசியாவின் சபா மாநிலத்தில் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் இத்தகைய கருவிகளை மரங்களில் பொருத்தினர். சூரிய சக்தியால் இயங்கும் அக்கருவிகள், பதிவான ஒலிகளைக் கைத்தொலைபேசிக் கட்டமைப்பின்வழி உடனுக்குடன் அனுப்பின. இயற்கைக் காடு, மரம் வெட்டப்பட்ட காடு, செம்பனைத் தோட்டம் ஆகியவற்றின் ஒலிகள் ஒப்பிடப்பட்டன. காட்டின் நிலை மாறும்போது அதன் ஒலியும் மாறுகிறது. மரம் அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சல், துப்பாக்கிச் சத்தம் போன்ற வழக்கத்திற்கு மாறான ஒலிகளைக் கணினியின் துணையுடன் கண்டறியவும் இம்முறை உதவும்.

ஓர் உயிரினம் அழிந்தபின் அதன் ஒலிப்பதிவு மட்டுமே எஞ்சுவதும் உண்டு. பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளுள் ஒன்று காவாய். அத்தீவில் மட்டுமே வாழ்ந்த ‘காவாய் ஓஓ’ என்னும் பறவையின் குரல் இறுதியாக 1987ஆம் ஆண்டில் கேட்டது. வெளியிலிருந்து வந்து சேர்ந்த எலிகள், கொசுக்கள் பரப்பிய நோய், வாழிட இழப்பு ஆகியவை அப்பறவையினத்தை அழித்தன. அவ்வினம் அற்றுப்போய்விட்டதாக அமெரிக்க அரசு 2023ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது. இன்று அதன் பாடலை ஒலிப்பதிவில் மட்டுமே கேட்க முடியும்.

ஒலிப்பதிவால் ஒரு பறவையின் குரலைத்தான் காக்க முடியும். பறவையைக் காக்க அதன் காடு வேண்டும். சபா காட்டில் பொருத்தப்பட்டவை போன்ற கருவிகளின் உண்மையான பயன் இங்கேதான் உள்ளது. ஒரு குரல் குறையத் தொடங்கும்போதே அவை அதனை உணர்த்திவிடுகின்றன. அப்போது அந்த உயிரினத்தைக் காப்பாற்றக் காலமும் எஞ்சியிருக்கும்.