பிரசவ அறையிலிருந்து நாடாளுமன்றத்துக்கு: மாலியின் ஆவா கெய்ட்டா

மாலி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது திம்புக்டுவின் பள்ளிவாசல்களும், பொன்னை அள்ளிக்கொண்டு ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட மன்னர் மன்ஸா மூஸாவும்தான். அந்த நாட்டின் முதல் பெண் நாடாளுமன்ற உறுப்பினர் யார் என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் ஆவா கெய்ட்டா. நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு ஹவ்வா என்று பெயர் வைக்கிறோமே, அதே பெயர்தான் மேற்கு ஆப்பிரிக்காவில் ஆவா என்று வழங்குகிறது.

1912இல் பமாக்கோ நகரில் பிறந்தார். அப்போது அது பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது, பின்னர்தான் பிரெஞ்சு சூடான் என்ற பெயரைப் பெற்றது. 1923இல் பெண்களுக்கான பள்ளியில் தந்தை அவரைச் சேர்த்தபோது தாய்க்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. தந்தை விட்டுக்கொடுக்கவில்லை. பள்ளியை முடித்து, டாக்கரில் மருத்துவச்சிப் படிப்பும் படித்து 1931இல் தேர்ச்சி பெற்றார். முதல் பணி, நைஜர் ஆற்றங்கரையில் பாலைவனத்தின் விளிம்பில் இருக்கும் காவோ நகரில்.

பேறு பார்க்கும் வேலையில் ஒரு விசேஷம் உண்டு. கவர்னரோ வரி வாங்கும் அதிகாரியோ நுழைய முடியாத வீட்டின் உள்ளறைக்குள் மருத்துவச்சி போகலாம். அங்கே பெண்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். ஆவா கெய்ட்டாவின் பிற்கால அரசியலுக்கு அடித்தளம் அந்த அறைகளில்தான் விழுந்தது என்று நாம் நினைக்கிறோம்.

1935இல் தாவுதா ஜவாரா என்ற மருத்துவரை மணந்தார். 1946இல் காலனி ஆட்சியை எதிர்த்த சூடானிய ஒன்றியக் கட்சியில் கணவன் மனைவி இருவருமே சேர்ந்தார்கள். ஆனால் அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. மாமியாரின் நெருக்குதல் கூடிக்கொண்டே போய், 1949இல் இருவரும் பிரிந்தனர். எத்தனையோ பெண்களுக்குப் பிரசவம் பார்த்தவருக்கு நேர்ந்தது இது. இந்த வலி நம் குடும்பங்களுக்கும் புதிதல்ல.

அவர் முடங்கிவிடவில்லை. 1951இல் பிரெஞ்சு அரசு புதிய தேர்தல் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்படி ஆப்பிரிக்கக் காலனிகளில் இரண்டு பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. அதாவது, ஆவா கெய்ட்டா யாருக்குப் பேறு பார்த்தாரோ அவர்களே வாக்காளர்கள் ஆனார்கள்! அதே ஆண்டு அவர் தம் பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறந்துவிட்டுத் தேர்தல் வேலையில் இறங்கினார். காவோவில் கட்சி வென்றது. நிர்வாகம் கொடுத்த பரிசு, செனகலின் தென்கோடியில் உள்ள பிஞ்ஞோனாவுக்குத் தண்டனை இடமாற்றம்.

இடமாற்றம் அவரை அடக்கும் என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். நாடு திரும்பியதும் 1957இல் ஆசிரியை ஐஸாத்தா ஸோவுடன் சேர்ந்து பமாக்கோவில் உழைக்கும் பெண்களுக்குச் சங்கம் அமைத்தார். 1958இல் கட்சியின் தலைமைக் குழுவில் இடம்பெற்றார். 1959 தேர்தலின்போது ஒரு கிராமத் தலைவர், ஆண்களுக்குச் சமமாக நிற்கத் துணிந்தவள் என்று ஏசி, ஊரைவிட்டே வெளியேறச் சொன்னார். ஆனாலும் சிக்காஸோ பகுதியின் உறுப்பினராக அவர் வென்றார்.

1960இல் மாலி விடுதலை அடைந்தது. புதிய நாட்டின் திருமணச் சட்டத்தை உருவாக்கும் பணியில் அவர் முக்கியப் பங்கு வகித்தார். 1962 பிப்ரவரியில் நிறைவேறிய அந்தச் சட்டம் மணமக்கள் இருவரின் சம்மதத்தையும் கட்டாயமாக்கியது. திருமண வயது பெண்ணுக்கு 15, ஆணுக்கு 18 என்றானது. மணமகன் தரப்பு பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் தொகைக்கு 20,000 பிராங்க் என உச்சவரம்பு வந்தது. (நாமறிந்த மஹர் மணப்பெண்ணுக்கே உரியது, அங்கே வழக்கத்தில் அது குடும்பப் பெரியவர்கள் கைக்குப் போய்க்கொண்டிருந்தது.) ஒருதலையாக மனைவியை விலக்குவது தடுக்கப்பட்டு, விவாகரத்து நீதிமன்றத்துக்கு வந்தது. பலதார மணம் நீடித்தது. குடும்பத் தலைவர் கணவரே என்பதும் மாறவில்லை.

இந்தச் சட்டத்தின் சில விதிகளில் மார்க்க அடிப்படையில் மாற்றுக்கருத்து உடையவர்கள் அங்கும் உண்டு, நம்மிடையேயும் இருப்பார்கள். 2009இல் இதை மாற்ற முயன்றபோது பமாக்கோவில் பெரும் போராட்டங்களே நடந்தன. பின்னர் 2011இல்தான் புதிய சட்டம் வந்தது. ஆனால் பெண்ணின் சம்மதம் என்ற இடத்தில் நமக்கு இரண்டாவது கருத்து இருக்க முடியாது. விருப்பமில்லாத பெண்ணை மணமுடித்துக் கொடுப்பதை நம் நபி (ஸல்) அவர்கள் ஏற்கவில்லை என்பது நாம் அறிந்ததே.

1968 நவம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அவருடைய அரசியல் வாழ்வும் அத்துடன் முடிந்தது. மறுமணம் செய்திருந்த அவர், சில ஆண்டுகள் காங்கோவின் பிரஸாவில் நகரில் வாழ்ந்தார். தம் வாழ்க்கையைத் தாமே பிரெஞ்சு மொழியில் எழுத, 1975இல் அது பாரிஸில் நூலாக வந்தது. 'ஆப்பிரிக்கப் பெண்' என்பது தலைப்பு. மறு ஆண்டே கறுப்பு ஆப்பிரிக்காவின் பெரும் இலக்கியப் பரிசு அதற்குக் கிடைத்தது. கட்சிக் கூட்டங்களோடு, அவர் பார்த்த பிரசவங்களும் அதில் விரிவாக இடம்பெற்றுள்ளன. 1979இல் தாயகம் திரும்பியவர், அடுத்த ஆண்டு பமாக்கோவில் காலமானார்.