தாத்தா யாரிடம் வேலை பழகினார்?

உங்கள் தாத்தாவின் அப்பா பெயர் என்ன? நம் தெருக்களில் பலருக்கும் இந்த இடத்திலேயே பேச்சு நின்றுவிடும். அவர் சின்ன வயதில் எந்த ஊரில் இருந்தார், யாரிடம் தொழில் பழகினார் என்பதெல்லாம் அதற்கப்புறம்.

1845-ல் பிறந்த பண்டிதர் அயோத்திதாசரை எடுத்துக்கொள்வோம். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தனக்குக் கற்பித்த குருவின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். எங்கே படித்தார் என்ற தகவல் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது! தாத்தா கந்தப்பன் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் பட்லர். அவர் வைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடி எல்லிஸ் துரையிடம் போன கதையைப் பேரன்தான் எழுதிவைத்தார். எழுதாமல் விட்டிருந்தால் கந்தப்பன் இன்று நமக்கு வெறும் சமையல்காரர், அல்லது அதுவும் இல்லை.

வேதாரண்யத்துக்கு வருவோம். 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளியதைப் பாடப் புத்தகம் சொல்கிறது. அதே மண்ணில் பாத்தி மிதித்து, உப்பு வாரி, தலைச்சுமையாகக் கரையேற்றியவர்களின் பெயரை எந்தப் புத்தகம் சொல்கிறது? பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த வேலையைப் பழக்கியது அப்பாவா, மாமாவா என்பது வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் தெரியும்.

காகிதம் தேடுவோருக்குச் சில வழிகள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பெயர் இருக்கும். பிறந்த தேதியை மட்டும் நம்ப வேண்டாம், பல நேரம் அது வாத்தியார் போட்டது. 1971 குடியிருப்புச் சட்டத்தில் கிடைத்த மனைப்பட்டாதான் பண்ணையாள் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் காகிதம். 1991-க்கு முந்தைய ஆவணம் என்றால் நாகை என்று தேடாதீர்கள், தஞ்சாவூர் மாவட்டம் என்றே இருக்கும்.

கடல் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு, கசப்பான வசதி. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிகளாகக் கப்பலேறிய சுமார் 1,52,000 பேருக்கு எண் போட்டு, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் எல்லாம் எழுதிவைத்தது வெள்ளைக்கார அரசு. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் கணக்கு வேண்டியிருந்தது. அதை வைத்துத்தான் இன்று அவர்கள் ஊர் தேடி வருகிறார்கள். இங்கேயே கூலிக்கு நின்ற நம் பாட்டன்மாரை யாரும் அப்படி எழுதவில்லை.

இருந்த கொஞ்சமும் 2018 நவம்பர் 16-ல் கஜா புயலோடு போன வீடுகள் உண்டு. டிரங்குப் பெட்டியோடு நனைந்த பட்டாவுக்கு நகல் கேட்டு வாங்கலாம். அப்பாயியின் நினைவுக்கு நகல் கிடையாது. இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் ரெக்கார்டை ஓடவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். தாத்தா பெயரில் தொடங்க வேண்டாம், கூச்சப்படுவார். உப்பு வார முதலில் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேளுங்கள்.